முப்பத்து மூவாயிரம் வோல்ட்

சோள அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, மார்லிஸும் அவள் புருஷனும் அந்த டிவியை ஆர்லோவின் கார் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்குவதற்கு நாங்கள் நான்கு பேர் தேவைப்பட்டோம். 1965-ஆம் வருஷத்துக் கலர் டிவி. வட்டத் திரை, வாதுமை மரப் பெட்டி. மார்லிஸின் அம்மா லெனோர் முதியோர் இல்லத்துக்குப் போனபின் பண்ணை வீட்டைக் காலி செய்தபோது நிலவறையில் கிடைத்ததாம். மேலே போர்த்தியிருந்த போர்வையில் எலி குட்டி போட்டிருந்தது.

ஆர்லோ நிஸன் என் தங்கை பெவர்லியின் கணவன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் முப்பது வருஷம் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன். கடையை மூடியபிறகு, பழைய கலர் டிவி சேகரிக்கிறவர்கள் சிக்காகோவிலிருந்தும் டென்வரிலிருந்தும் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துக் கலர் டிவியின் உள்ளே இருபத்தைந்தாயிரம் வோல்ட் ஓடும். அதில் கைவைக்கத் தைரியமுள்ளவர்கள் அயோவா முழுக்கத் தேடினாலும் நாலைந்து பேர்தான். நான் மாவட்ட ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பெயர் வெண்டல். வேலைவெட்டி இல்லாததால் தினமும் அவன் ஷெட்டில் உட்கார்ந்து காபி குடிப்பேன்.

"அம்மாவுக்கு வர்ற மாசம் தொண்ணூறு முடியுது, ஆர்லோ அண்ணே. சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. இந்தப் பெட்டியில அன்னைக்கு ஒரு படம் ஓடணும்" என்றாள் மார்லிஸ்.

"ஓட வெச்சிடலாம். ஆனா பிக்சர் டியூப் களைச்சுப் போயிருக்கும்மா. நம்ம மச்சானைப் பாரு, அந்த மாதிரி."

"நான் களைச்சேனா? ஏணியில ஏறவே ரெண்டு பேர் புடிக்க வேண்டியிருக்கு உனக்கு" என்றேன்.

மார்லிஸ் சிரித்தாள். "எங்க டிவி களைக்காது. அப்படி ஒரு வெளிச்சம்! மத்தியானம் ஜன்னல் திரையைத் திறந்துபோட்டாலும் பளிச்சுனு தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரங்க பாத்துட்டு வயிறெரிஞ்சு போவாங்க."

கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆர்லோ நிமிர்ந்தான். "மத்தியானமா?"

"ஆமா. வெயில்லயே தெரியும்."

அவன் திரும்பி அந்த வட்டத் திரையைப் பார்த்தான். அவர்கள் போனபிறகு, "என்ன மாப்ளே யோசனை?" என்றேன்.

"இந்த மாடல் இருட்டுல வெச்சாதான் நல்லா இருக்கும். வெயில்ல தெரியுறதுக்கு வாய்ப்பே இல்ல" என்றான். "சின்ன வயசு ஞாபகம். பெருசா தெரிஞ்சிருக்கும்."

திங்கட்கிழமை பின்பக்கத்தைத் திறந்தான். முதல் காரியமாக பிக்சர் டியூபில் மிச்ச மின்சாரம் ஏதும் நிற்கிறதா என்று பார்த்தான். நிறுத்தி ஒரு வாரம் ஆன டிவிகூட ஆளைத் தூக்கி எறியும். இதில் ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு மூலையில் உயரழுத்தம் உற்பத்தியாகும் இரும்புக் கூண்டு இருந்தது. அதன் மூடியைக் காணவில்லை. நான்கு திருகாணிகளும் அவற்றின் ஓட்டைகளில் ஒழுங்காகத் திரும்ப முடுக்கப்பட்டிருந்தன. மூடி மட்டும் இல்லை.

"எவனோ கழட்டி எடுத்துட்டான்" என்றான் ஆர்லோ. "எடுத்தவன் திருகாணியைத் தொலைக்காம மாட்டி வெச்சிருக்கான் பாரு. ஒழுங்கான ஆளு."

பழைய கண்டென்சர்களை மாற்றவும் கண்ணாடி வால்வுகளைச் சோதிக்கவும் இரண்டு வாரம் போயிற்று. அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முதன்முறை ஓட்டிப் பார்த்தோம். ஆர்லோ இடது கையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, வலது கையால் கைத்தடி நீளமுள்ள மீட்டரைக் கூண்டுக்குள் நீட்டினான். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பான்.

வால்வுகள் சிவந்தன. ஊசி ஏறியது. "பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தஞ்சு. இங்க நிக்கணும்."

நிற்கவில்லை. இருபத்தெட்டு. முப்பது. கூண்டுக்குள்ளிருந்து எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தாற்போல ஒரு சீறல் கிளம்பியது. இடி விழுந்த இடத்து வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. என் முன்கை ரோமம் தானாக எழுந்து நின்றது. திரையில் வெள்ளை வெளிச்சம், அந்தப் பகலிலும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், நிரம்பி வழிந்தது.

"முப்பத்து மூணு" என்றான் ஆர்லோ. "நிறுத்து! மச்சான், பிளக்கைப் புடுங்கு!"

பிடுங்கினேன். திரை அணைந்தபிறகும் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி வெகுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழுத்தம் எல்லை மீறாமல் இழுத்துப் பிடிக்கத்தான் ரெகுலேட்டர் என்று ஒரு வால்வு உண்டு. அது அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்குப் போகும் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. ஆர்லோ டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து பார்த்தான். வெட்டிய முனையை மடித்து, கறுப்பு டேப் சுற்றி, அதன்மேல் மெழுகு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. சுத்தமான வேலை. டேப் மட்டும் போட்டால் சூட்டில் அவிழ்ந்துவிடும்.

அவன் அப்படியே குனிந்து நின்றுகொண்டிருந்தான். டார்ச்சின் மேல் எச்சில் வழிந்தது.

"என்ன மாப்ளே?"

டார்ச்சை எடுத்தான். "நீ வீட்டுக்குப் போ மச்சான். இன்னைக்குப் போதும்."

என் மூக்குக்கு நேரே, அவன் மேசையில் அன்று காலை அவன் கட்டிவைத்த ஒயர்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மெழுகு நூல், மூன்று சுற்று. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த நான்கு நாள் அவன் கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்புவதாக பெவர்லி சொன்னாள். ஐந்தாம் நாள் அவனே கூப்பிட்டான். போனால், வேலை முடிந்திருந்தது. புது ரெகுலேட்டர் வால்வு. ஒயர் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. தகரத்தில் புது மூடி வெட்டிக் கூண்டின்மேல் மாட்டியிருந்தான். மீட்டர் இருபத்து நான்காயிரத்து ஐந்நூறில் அசையாமல் நின்றது. திரையில் படம் மென்மையாக, கொஞ்சம் மங்கலாக, சரியான நிறத்தில் இருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு மார்லிஸ் பார்க்க வந்தாள். கையில் கேக் பாத்திரம், கக்கத்தில் ஒரு போட்டோ.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் தயக்கத்தோடு. "ஆனா இவ்வளவு மங்கலா இருக்காதே அண்ணே. இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா?"

"ஏத்தக் கூடாதும்மா."

"சரி, விடுங்க. இதைப் பாருங்க, பெட்டிக்கு ஏத்த மாதிரி பாலீஷ் போட உதவும்னு எடுத்துட்டு வந்தேன்."

1970 கிறிஸ்துமஸ் என்று பின்னால் எழுதியிருந்தது. மரம், பரிசுப் பொட்டலங்கள், அதே டிவி. டிவியின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து ஒரு பையன் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் படப் புத்தகம், புத்தகத்தின்மேல் பூனை. அவள் தம்பி டெரில். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுபத்து மூன்றாம் வருஷம் ரத்தப் புற்றுநோயில் போனான். பன்னிரண்டு வயது.

"அந்த எடம் அவனோடது" என்றாள் மார்லிஸ். "குளிர்காலம் முழுக்க அங்கதான். டிவி சூடா இருக்கும்ல. படம் பாக்க மாட்டான், சூட்டுக்காகவே ஒட்டிக்குவான். 'போய் உன் அடுப்புகிட்ட உக்காருடா'ன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க."

ஆர்லோ போட்டோவை வாங்கவில்லை. குனிந்து பார்த்தான். "எந்தப் பக்கம் அது?"

"எது?"

"டிவியோட எந்தப் பக்கம், மார்லிஸ்?"

"தெரியுதே, இந்தப் பக்கம்." அவள் நடந்துபோய்ப் பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். அந்த மரப் பலகைக்கு அந்தப்புறம் நான்கு விரற்கடை தூரத்தில் கூண்டு இருந்தது.

அவள் போகும்வரை ஆர்லோ எதையோ பேசிச் சமாளித்தான். கார் சத்தம் ஓய்ந்ததும் கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்தான்.

"அறுபத்தொன்பது, ஜூலை பதினெட்டு. வெள்ளிக்கிழமை" என்றான். "உள்பக்கம், தூசிக்கு அடியில, என் கடைச் சீட்டு ஒட்டியிருக்கு, ஒயரைப் பாத்த அன்னைக்குத்தான் தேடி எடுத்தேன். ஞாயித்துக்கிழமை நிலாவுல எறங்குறாங்க. ஊர்ல எந்த டிவியும் கெட்டுப்போகக் கூடாத வாரம். லெனோரம்மா போன்ல அழாத குறை. ரெகுலேட்டர் கெட்டுப் போயி, அழுத்தத்தையெல்லாம் தானே இழுத்துக்கிட்டு, படத்தையே சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. புதுசு கையில இல்ல. ஒயரை வெட்டிவிட்டேன். படம் வந்துச்சு. எப்படி வந்துச்சு தெரியுமா! வீடே கை தட்டுச்சு."

"மூடி?"

"அவசரம். வண்டியிலயே போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு வாரத்துல வால்வோட வரப்போறோமே, அப்ப மாட்டிக்கலாம்னு."

"போகலையா?"

"வால்வு வந்ததும் போன் பண்ணேன். 'இப்படி ஒரு படத்தை நாங்க பாத்ததே இல்ல ஆர்லோ, நீ எதையும் தொட்டுடாதே, வரவே வேண்டாம்'னாங்க. சரின்னுட்டேன். அந்த வால்வை வேற வீட்டுல போட்டேன்." முகத்தைத் தேய்த்தான். "அழுத்தம் அதிகமானா எக்ஸ்ரே கிளம்பும், மூடியில்லாம ஓட்டாதீங்கன்னு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சுற்றறிக்கை வந்துச்சு மச்சான். படிச்சேன். கடைச் சுவத்துல நான்தான் ஆணியடிச்சு மாட்டினேன்."

நான் நாற்பது வருஷம் ஈய மேலங்கி போட்டுக்கொண்டு வேலை பார்த்தவன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இங்க பாரு, எதனால வந்துச்சுன்னு எவன் சொல்ல முடியும்? வயக்காட்டுல அடிச்ச மருந்து, கெணத்துத் தண்ணி, எதுவா வேணா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் வரும். நானே பாத்திருக்கேன்."

"நீ சொல்றது சரிதான். எனக்கு அது தெரிய வேண்டாம். அந்தப் பலகை வழியா வெளிய வந்துச்சா இல்லையா, அது மட்டும் தெரியணும். உனக்குத்தான் அதைப் பாக்கத் தெரியும்."

பல் டாக்டரிடம் பழக்கம் இருந்ததால், கறுப்புக் காகிதத்தில் சுற்றிய எக்ஸ்ரே ஃபிலிம் இரண்டு வாங்கி வந்தேன். மறுநாள் காலை ஆர்லோ மூடியைக் கழற்றினான், தன் கையால் சேர்த்த ஒயரைத் தன் கையாலேயே திரும்ப வெட்டினான். பையன் முதுகு சாய்ந்த இடத்தில் என் வீட்டுச் சாவியை டேப் போட்டு நிறுத்தினேன். அதன்மேல் ஒரு ஃபிலிமை ஒட்டினேன்; எக்ஸ்ரே வெளியே வந்தால் சாவியின் நிழல் அதில் விழும். இன்னொரு ஃபிலிமை பெவர்லியின் சமையலறையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தேன். டிவியைப் போட்டுவிட்டு இருவரும் வெளியே ஓடி, முற்றத்தின் கடைசியில் இருந்த தண்ணீர்த் தொட்டியருகே நின்றோம்.

நான்கு மணி நேரம். தூரத்து வயலில் அறுவடை இயந்திரம் போய்வந்துகொண்டிருந்தது. ஷெட்டின் ஜன்னல் வழியாக அந்த வட்டம் நண்பகல் வெயிலிலும் பளபளத்தது. ஏதோ ஊர்வலத்தின் பழைய பதிவை ஆர்லோ ஓடவிட்டிருந்தான். பார்க்க ஆளில்லாத அறையில் சிவப்புச் சட்டைக்காரர்கள் அணிவகுத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். பெவர்லி சமையலறைக் கதவைத் திறந்து, "என்னத்தை ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்குறீங்க? சாப்பிட வாங்க!" என்று கத்தினாள். நாங்கள் நகரவில்லை.

பல் டாக்டரின் உதவியாளப் பெண் ஃபிலிம்களைக் கழுவிக் கொடுத்தாள். சமையலறையில் இருந்தது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மற்றது புகை மூட்டமாகக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் நடுவே என் வீட்டுச் சாவி, பற்கள் எண்ணக்கூடிய அளவுக்கு, வெள்ளையாகக் கிடந்தது.

"எந்த மெஷின்ல எடுத்தீங்க இதை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஃபிலிம்களை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

காரில் ஆர்லோ ஃபிலிமை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "மார்லிஸ்கிட்ட சொல்லப்போறேன்" என்றான்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? பொறந்தநாளுக்கு டிவி கேட்டவளுக்கு இதைக் கொண்டுபோய்க் குடுப்பியா?"

"அவ பெட்டியில கையை வெச்சுக் காட்டினா மச்சான். நான் கேட்டேன், அவ காட்டினா. நாளைக்கு அவளே யோசிப்பா, எதுக்குக் கேட்டான்னு."

"அப்ப லெனோரம்மா வர வேண்டாம்னு சொன்னதையும் சொல்லுவியா?"

அவன் ஃபிலிமை இறக்கி மடியில் வைத்தான். "அது வேண்டாம்" என்றான். "நான் மறந்துட்டேன்னு சொல்லிக்குறேன். தொண்ணூறு வயசுல அந்தம்மா தலையில அதை எறக்க வேண்டாம். மறுத்துப் பேசிடாத."

மார்லிஸின் சமையலறையில் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். நிலா, ஒயர், மூடி, சுற்றறிக்கை. "வால்வு வந்துச்சு. நான் மறந்துட்டேன்" என்றான். நான் மேசை விரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிலிமை அவன் மேசையில் வைத்தபோது அவள் அதை எடுத்து ஜன்னலருகே போய்ப் பார்த்தாள்.

"இது என்ன சாவி?"

"என்னோடது" என்றேன்.

"இதனாலதான்னு சொல்றீங்களா அண்ணே?"

"தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இது அங்க இருந்துச்சு. நான் வெச்சுட்டு வந்தேன்."

அவள் ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்தாள். "கடைசி வருஷம் அவனால நடக்க முடியல" என்றாள் மெதுவாக. "குளிருதுன்னுட்டே இருப்பான். அப்பாதான் தூக்கிட்டுப் போய் அங்க உக்கார வெப்பார்." பிறகு அடுப்பங்கரைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போயிடுங்க. ரெண்டு பேரும் போயிடுங்க. அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அந்தப் பெட்டியை ஒடச்சுப் போடுங்க."

ஆர்லோ அதைக் கோடாலியால் உடைத்தான். பிக்சர் டியூபை மட்டும் முதலில் கழற்றி, போர்வை சுற்றி, தூர எடுத்துப்போய் வைத்தான். அது வெடித்தால் கண்ணாடி முகத்தில் பாயும். அந்த நிலையிலும் அவன் கை முறை தவறவில்லை.

பிறந்தநாள் டிவி இல்லாமல் நடந்தது. அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த லெனோரம்மா ஆர்லோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னால சரி பண்ண முடியாத டிவியும் இருக்கா, தம்பி? மார்லிஸ் சொன்னப்ப நான் நம்பவே இல்ல. அந்த நிலா படத்தை நீதானே காட்டினே எங்களுக்கு!"

"இருக்கும்மா" என்றான் அவன். "வயசாயிடுச்சு எனக்கு."

நாற்காலியைப் பிடித்திருந்த மார்லிஸ் வேறெங்கோ பார்த்தாள். அதன்பிறகு அவள் எங்கள் இருவரிடமும் பேசியதில்லை. லெனோரம்மா பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மார்ச் மாதம் ஒரு மத்தியானம் ஆர்லோ ஒரு காலணிப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். உள்ளே அவன் கடையின் பழைய வேலைச் சீட்டுகள், அறுபத்தேழிலிருந்து எழுபத்து மூன்றுவரை. குளிர்காலம் முழுக்க அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அந்த ஒரு வீடு மட்டும் இல்ல மச்சான்" என்றான். "வால்வு கிடைக்காதப்ப அப்படித்தான் பண்ணுவேன். ஜனங்க காத்திருக்க மாட்டாங்க. நிறைய வீட்டுக்குத் திரும்பப் போயி சரி பண்ணிட்டேன், அதுக்குத் தனிச் சீட்டு இருக்கு. ரெண்டாவது சீட்டு இல்லாதது இன்னும் ஏழு."

ஏழு சீட்டுகளையும் சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தான். பெயர்கள் தெரிந்தவைதான். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒரு குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில். கடைசிச் சீட்டை வைக்குமுன் அவன் கை நின்றது. பிறகு வைத்தான்.

1970 பிப்ரவரி. என் பெயர். என் கதவு எண்.

சட்டென்று எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு அந்த வரவேற்பறை ஞாபகம் வந்தது. என் மகள் ஜானெலுக்கு அப்போது மூன்று வயது. நான் ஆஸ்பத்திரியில் ஈய மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த டிவியின் முன்னால் உட்காருவேன். அவள் இறங்கிப்போய்த் திரையில் கன்னத்தை ஒட்டுவாள். கன்னம் கூசுகிறது என்பாள், சிரிப்பாள்.

"நீ திரும்ப வந்து சரி பண்ணியா?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்ல."

"யோசிச்சுச் சொல்லு. வாராவாரம் எங்க வீட்டுலதானே சாப்பிட்டே?"

"அதான்" என்றான். "டிவி நல்லா ஓடிட்டிருந்துச்சு. நல்லா ஓடுறதை எதுக்குத் திறக்கணும்னு... தெரியல மச்சான். சத்தியமா தெரியல. இந்தச் சீட்டை ரெண்டு தடவை கிழிக்கப் போனேன்."

அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. எழுந்து போய்ப் பின்கட்டில் நின்றேன். உருகும் பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மார்லிஸின் அடுப்பங்கரையில் நான் எவ்வளவு வசதியாக மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஓமஹாவில் இருக்கும் ஜானெலுக்குப் போன் செய்தேன். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. "என்னப்பா, வேலை நாள்ல கூப்பிடுறீங்க? அம்மாவுக்கு ஏதாச்சுமா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் பார்க்கச் சொன்னேன், கழுத்தில் தைராய்டைப் பார்க்கச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டு, "ஆர்லோ மாமா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. ரத்தம் சுத்தம். கழுத்தில் பட்டாணி அளவு ஒரு கட்டி இருக்கிறது; கெடுதலானது இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றாராம் டாக்டர். அவள் வயதில் பாதிப் பெண்களுக்கு இருக்குமாம். அது உண்மைதான், நானே எத்தனையோ பேருக்குப் படம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலும் அவள் போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த முதல் ஏப்ரலில் ஆர்லோ மற்ற ஆறு வீடுகளுக்கும் போக ஆரம்பித்தான். முதல் இரண்டு இடங்களுக்குத் தனியாகப் போனான். ஒரு வீட்டில் டிவி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது, எல்லோரும் சுகம். இன்னொரு வீட்டில் கதவைத் திறந்தவன் முழுக்கக் கேட்டுவிட்டு, இறந்துபோன தன் அண்ணன் பெயரை மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஆர்லோ அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று பெவர்லி சொன்னாள். யாரோ போன் செய்து அவள் போய் அழைத்து வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை நானே அவன் வீட்டுக்கு நடந்துபோனேன். ஒரு மாதமாக நாங்கள் பேசியிருக்கவில்லை. அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமல் இருந்தான்.

"தள்ளு மாப்ளே, நான் ஓட்டுறேன்" என்றேன். "அடுத்தது எங்க?"

"ஆத்துக்கு அக்கரை. நாப்பது மைல்." நகர்ந்து உட்கார்ந்தான். "நீ எதுக்கு வர்றே?"

"யாராவது படம் எடுக்கணும், டாக்டரைப் பாக்கணும்னு கேட்டா உனக்கு என்ன தெரியும்? பேசாம வா."

பாலத்தைத் தாண்டினோம். அங்கே போனதும், வெள்ளை வேலி போட்ட ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினேன். தபால் பெட்டியில் இன்னும் அதே குடும்பப் பெயர் இருந்தது. ஆர்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். நான் அவன் பக்கத்தில் போய் மணியை அழுத்தினேன். உள்ளே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது.